வாசகர் வட்டம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு நூல் என்று மேய்வதை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். எந்தப் பொருள் என்று முடிவு செய்வதற்குள் இரண்டு கூட்டங்கள் கரைந்தன. கடைசியில் நம் ஊர் விடுதலை நாளே வழிகாட்டியது. 1954 நவம்பர் 1 காலையில் புதுச்சேரியின் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த நாள் பிறந்த நள்ளிரவில்தான் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணியின் முதல் வெடிகள் வெடித்தன. இரண்டு ஊருக்கும் எசமான் ஒருவர்தான். அதனால் அல்ஜீரிய விடுதலைப் போரையே பொருளாகக் கொண்டோம். நமக்குக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு வாக்களித்ததோடு முடிந்த காரியம், அவர்களுக்கு ஏழரை ஆண்டுப் போராக நீண்டது. 1936இல் இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவரை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனாலும் அளவு வேறு.

70ஆம் ஆண்டு நினைவாக 2024 நவம்பர் 1 மாலை சிறப்புக் கூட்டம் வைத்தோம். தீபாவளிக்கு மறுநாள். வந்தவர்கள் ஒன்பது பேர். நாளைத் தேர்ந்த குற்றம் செயலாளருடையது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்காக ஒரு படம் அச்செடுத்தோம். கிளர்ச்சி தொடங்கச் சில நாள்களே இருக்கையில் அல்ஜியர்ஸ் நகர ஸ்டூடியோ ஒன்றில் அதன் தலைவர்கள் ஆறு பேர் எடுத்துக்கொண்டது. நான்கு பேர் நிற்க, இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பொருளாளர் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டார் படம் மாதிரி இருக்கிறது" என்றார். படத்தின் பின்னால் ஒவ்வொருவரின் முடிவையும் பென்சிலால் குறித்து வைத்தோம். திதூஷ் முராத், 1955 ஜனவரியில் சண்டையில் இறந்தார். முஸ்தபா பென் பூலாயித், 1956இல் வெடி வைத்து அனுப்பப்பட்ட வானொலிப் பெட்டிக்குப் பலியானார். லார்பி பென் மிஹிதி, 1957இல் காவலில் மரணம். கிரீம் பெல்காசெம் 1962இல் போரை நிறுத்திய ஏவியன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். 1970இல் பிராங்பர்ட் ஓட்டல் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். முகமது பூதியாஃப் மொராக்கோவில் நெடுங்காலம் நாடுகடந்து வாழ்ந்தார். 1992 ஜனவரியில் நாட்டுத் தலைவராக அழைத்து வரப்பட்டு, ஜூனில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். ரபா பித்தாத் ஒருவர்தான் முதுமை கண்டு, 2000இல் இயற்கையாக இறந்தார்.

பென் மிஹிதியைப் பற்றிய குறிப்பை மறுநாளே திருத்த வேண்டியதாயிற்று. அவர் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று பிரெஞ்சு ராணுவம் சொல்லிவந்தது. அவரைக் கொன்றது பிரெஞ்சுப் படைவீரர்களே என்று குடியரசுத் தலைவர் மக்ரோன் ஒப்புக்கொண்டது, நாம் ஒன்பது பேரும் சுண்டல் தின்றுகொண்டிருந்த அதே நவம்பர் 1 அன்று. 'மரணம்' என்பதை அழித்துக் 'கொலை' என்று எழுதினேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு கூட்டம் நடக்கவில்லை. ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. கீழ்த்தட்டு நூல்கள் அனைத்தும் நனைந்தன. சிலவற்றை வெயிலில் உலர்த்தி மீட்டோம்.

ஜனவரியிலிருந்து பேச்சு சூடு பிடித்தது. துப்பாக்கி ஏந்தியவன் அரசியல்காரன் சொல்லைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? 1956 ஆகஸ்டில் அல்ஜீரியாவின் சும்மாம் பள்ளத்தாக்கில் கூடிய விடுதலை முன்னணி மாநாடு இதற்கு நேரடியாகவே விடை சொன்னது: ராணுவத்துக்கு மேல் அரசியல், வெளியில் இருப்போருக்கு மேல் களத்தில் இருப்போர். அதை எழுத வைத்தவர் முன்னணித் தலைவர்களில் ஒருவரான அபான் ரம்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில், சுல்தானைச் சந்திக்கப் போகிறோம் என்று சொல்லி அவரை மொராக்கோவுக்கு அழைத்துச் சென்று, சொந்தத் தோழர்களே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கிரீம் பெல்காசெம் உடன் சென்றவர். எதிரியோடு போரிட்டு வீர மரணம் எய்தினார் என்று இயக்கப் பத்திரிகை 1958 மே மாதம் அறிவித்தது. பிரெஞ்சு ராணுவத்தின் பொய்க்குக் கொதித்த நம் உறுப்பினர்கள் சிலர் இந்தப் பொய்க்கு மட்டும் சமாதானம் தேடினார்கள். போர்க்காலத்தில் இதெல்லாம் இருக்கும் என்றார்கள். எனக்கு உடன்பாடில்லை, குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

பிப்ரவரிக் கூட்டம்தான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம். நம் மூத்த உறுப்பினர், இளம் வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவில் இருந்த 'சொல்தா', இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக வாய் திறந்தார். துனிசிய எல்லையில் 1957இல் எழுப்பிய மின்வேலியில் அவருக்கு இரவுக் காவல். 5,000 வோல்ட். கம்பியில் நரி பட்டாலும் காவல் சாவடியில் விளக்கு எரியுமாம். "ஓடிப் போய்ப் பார்ப்போம். பாதி நாள் நரிதான்" என்றார். மீதிப் பாதி நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையிலிருந்த காபி ஆறிப்போயிருந்தது.

அந்த வேலியைப் பற்றி நாம் படித்தது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலியைத் தாண்ட முடியாமல் துனிசியாவிலும் மொராக்கோவிலும் ஒரு பெரும்படை தங்கிவிட்டது. 1960 முதல் அதன் தலைமைத் தளபதி ஹவாரி பூமெதியன். உள்ளே மலைகளில் போராடியவர்கள் ஆயுதமும் ஆளும் இல்லாமல் தேய, வெளியே இருந்த படை சேதமின்றிப் பயிற்சி பெற்று வளர்ந்தது. 1962 ஜூலையில் விடுதலை வந்ததும் யார் ஆள்வது என்று தலைவர்களுக்குள் அடிதடி. "ஏழு ஆண்டுகள் போதும்" என்று மக்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். பூமெதியனின் படை, முன்னணித் தலைவர்களில் ஒருவரான பென் பெல்லாவை முன்னிறுத்தி அல்ஜியர்ஸுக்குள் நுழைந்தது. 1965 ஜூன் 19இல் அதே படை பென் பெல்லாவையும் நள்ளிரவில் பிடித்து உள்ளே வைத்தது. பிரெஞ்சுக்காரன் போட்ட வேலி, அடுத்த ஆட்சி யாருடையது என்பதையும் முடிவு செய்துவிட்டது என்பது என் கருத்து. தலைவர் அவர்கள் இதை மிகைக்கூற்று என்கிறார்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரியை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே மாதமே கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்தது. அல்ஜீரியா விடுதலை பெற்ற 42ஆம் நாள், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நம் சட்டப்பூர்வ இணைப்பு நிறைவேறியது.

மார்ச் மாதம் ஃபெர்ஹாத் அப்பாஸைப் பற்றிப் பேச வேண்டியவர் வரவில்லை. அவருக்குப் பதில் நான் ஒப்பேற்றினேன். செத்திஃப் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், 1958இல் விடுதலை முன்னணி வெளிநாட்டில் அமைத்த தற்காலிக அரசின் தலைவரானவர் என்பதற்கு மேல் நியாயம் செய்ய முடியவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நான்கு பேரின் சந்தா பாக்கி. படத்துக்குச் சட்டம் போட்ட செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தணிக்கையாளர் கேட்டிருக்கிறார். இன்று முடிவு செய்ய வேண்டும். அந்தப் படம் இப்போது அலமாரிக்கு மேலே இருக்கிறது. முதலில் மூத்த உறுப்பினரின் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருந்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை, அடுத்த கூட்டத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

செயலாளர்