ஒன்பதாவது இருக்கிறது, மூன்றாவது எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடமுருட்டியில் தண்ணீர் வந்த வாரம், எங்கள் கிளை நூலகத்தில் ஜான் லெ காரே எழுதிய 'எ லெகஸி ஆஃப் ஸ்பைஸ்' கையில் அகப்பட்டது. 2017-இல் வந்த நாவல். உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. நான்தான் முதல் போணி.

கருவூலத்தில் முப்பத்தோரு வருடம் ஓய்வூதியக் கோப்பு பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ முதல் சில பக்கங்களிலேயே மாட்டிக்கொண்டேன். பீட்டர் கில்லம் என்கிற பழைய உளவாளி வேலையை விட்டுப் பிரான்சின் பிரிட்டனியில் பண்ணை வீட்டோடு இருக்கிறார். லண்டனிலிருந்து பழைய அலுவலகத்தின் கடிதம் வருகிறது. போனால், அறுபதுகளில் நடந்த ஒரு காரியத்துக்கு இப்போது பதில் சொல்லு என்கிறார்கள். கருவூலப் பாஷையில் இது தணிக்கைத் தடை, அதாவது கணக்கைச் சரிபார்ப்பவர் எழுப்பும் ஆட்சேபம்! ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் எனக்கும் அப்படி ஒரு பழுப்பு உறை வந்தது; பிரிக்கும் முன்பே உள்ளங்கை வேர்த்துவிட்டது. கில்லமை உட்காரவைத்துச் சட்டப் பிரிவுக்காரர்கள் குடைகிறார்கள், அவர் தெரிந்ததையும் தெரியாது என்கிறார். துப்பாக்கியே வேண்டாம் சார், கோப்பு காணோம் என்றாலே எங்களைப் போன்றவர்களுக்கு அடிவயிறு கலங்கும்.

வயதுக் கணக்கு மட்டும் உதைக்கிறது. 1961-இல் வந்த லெ காரேயின் முதல் நாவலைக் கல்லூரி நாளில் படித்திருக்கிறேன். அதன்படி கில்லமின் பழைய மேலதிகாரி ஜார்ஜ் ஸ்மைலி 1928-இல் வேலைக்குச் சேர்ந்தவர். இதில் அவர் இன்னும் நடமாடுகிறார். நூறைத் தாண்டியிருக்க வேண்டும். நானாக இருந்தால் உயிர்ச் சான்று வாங்காமல் ஓய்வூதியம் போட்டிருக்கமாட்டேன்.

சரி, குறைக்கு வருகிறேன். ஸ்மைலி வரும் நாவல்கள் லெ காரே எழுதியவை ஒன்பது. இந்த ஒன்பதாவதன் வழக்கு முழுக்க, மூன்றாவதில், அதாவது 1963-இல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' நாவலில், பெர்லின் சுவரருகே நடந்ததைப் பற்றியது. மூன்றாவதைப் படிக்காதவனுக்கு அதன் முடிவு இதன் தொடக்கத்திலேயே உடைந்துவிடும். எனக்கு உடைந்தது. (என்னவென்று இங்கே எழுதி உங்கள் வாசகர்களுக்கும் கெடுக்கமாட்டேன்.) நடுவில் உள்ளவை எங்கே என்று நூலகரைக் கேட்டேன். "வர்றதத்தான் சார் அடுக்குறோம்" என்றார். அவர்மேல் தப்பில்லை.

சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கான தம் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அதில் இரண்டாவது. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அன்று மாட்டுவண்டியில் போன புத்தகம், இன்று ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு டவுன் பஸ்ஸில் வரக்கூடாதா? தொடர் நாவல்களில் எந்தப் பாகம் எந்தக் கிளையில் இருக்கிறது என்று ஒரு தாள் எழுதி வாசலில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஒன்பதாவதைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து எடுப்பவர் வீட்டில் மூன்றாவது இருந்தால் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும். முடிவு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது, சைக்கிளில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
குடமுருட்டிக் கரை, தஞ்சை மாவட்டம்