குதிகால் தரையில் இருக்கட்டும்

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ராத்திரியில் உனக்கும் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது, எனக்கும் பிடிக்கிறது. அப்புறம் எங்கே நலம்?

இரண்டு வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை இரவு இரண்டரை மணி. தூக்கத்தில் காலை நீட்டினேன். இடது ஆடுசதை உருண்டு கல்லாக இறுகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில், திருடன் வந்துவிட்டான் என்று பக்கத்து அறைப் பஞ்சாபிக்காரர் சப்பாத்திக் கட்டையோடு ஓடிவந்தார். பிடித்தது இரண்டு நிமிடம். நொந்தது மறுநாள் மாலை வரை.

கிடங்கு வேலையில் நாளைக்குப் பத்து மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கிறேன். கழிப்பறை தொலைவு என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். அது என் முட்டாள்தனம். குளிருக்கு இரண்டு ரஜாயைப் போர்த்தி, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பேன். அந்தக் கனம் பாதத்தைக் கீழே அழுத்த, ஆடுசதை படுக்கும்போதே சுருங்கிக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் சுருங்கினால் பிடித்துக்கொள்ளும். இதை விளக்கியவர் தெருமுனை மருந்துக்கடைப் பெண்மணி. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை என்றும் அவர்தான் சொன்னார். நீ சொல்லும் வாயுவைப் பற்றி நான் கேட்கவில்லை.

'இங்கிலீஷ் மாத்திரை ஏதாவது அனுப்பு' என்றாயே, அனுப்பப்போவதில்லை. தாத்தா காலத்தில் மலேரியாவுக்கு விழுங்கிய கொய்னா (குயினின்) மாத்திரையைத்தான் இதற்கும் கொடுத்துவந்தார்கள். நம் நீலகிரியில் நடுவட்டத்துச் சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுத்தார்களே, அதே கசப்பு. அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கலாம், இதயத் துடிப்பைக் குழப்பலாம். அதனால் இங்கே வேறு எதுவும் பலிக்காதவர்களுக்கு மட்டும் யோசித்து எழுதுகிறார்கள். மக்னீசியம் மாத்திரை இதற்கென்று கடை கடையாக விற்கிறது. உன் வயதுக்காரர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லையாம்.

பிடிக்கும்போது முழங்காலை மடக்காமல் கால்விரல்களை முகத்தை நோக்கி இழு. எட்டவில்லை என்றால் கட்டிலைப் பிடித்து எழுந்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நில். படுக்கப்போகும் முன் கூடத்துக் கடிகாரத்துக்கு நேர்கீழே, சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றிச் சாய். குதிகால் எழும்பக் கூடாது. முப்பது எண்ணு, மூன்று தடவை. நெதர்லாந்தில் 55 வயது தாண்டியவர்களை ஆறு வாரம் இப்படிக் காலை நீட்டச்சொல்லிப் பார்த்ததில் பிடிப்பு குறைந்திருக்கிறது. எனக்கு இது பன்னிரண்டாம் நாள். அந்த வியாழனுக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் பிடித்தது.

இன்னொன்று. பிரஷருக்கு நீ போடும் நீர் மாத்திரையாலும் இப்படி வரலாம், கொழுப்பு மாத்திரையாலும் வரலாம். நீயாக நிறுத்திவிடாதே. எல்லா அட்டையையும் மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் கற்பூர எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நடந்தால் வலித்து, நின்றால் விடுகிற வலியும் வேறு; அதையும் மறைக்காமல் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். சாப்பிட்டாயா என்று நீ கேட்பதற்கு முன், சுவரில் சாய்ந்தாயா என்று நான் கேட்டுவிடுவேன்.

உன் அன்பு மகன்