ஓடாத படங்களைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்ற வரியை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நீ எடுத்த படம் ஓடாத இந்த நேரத்தில், நீ தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் இருக்கும். அதைக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவில் தூங்கு. நான் எழுத வந்தது ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தைப் பற்றி. 1965இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தைச் சொல்லவில்லை, செல்வராகவன் இயக்கத்தில் 2010 பொங்கலுக்கு வந்ததைச் சொல்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வீடு வந்து சேரும்வரை நீயும் நானும் போட்ட சண்டையை உன் அம்மா இன்றும் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அந்தப் படத்தைத் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அன்று விட்ட இடத்திலிருந்து உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது. காணாமற்போன தொல்லியல் அறிஞரைத் தேடி ஒரு கூட்டம் கிளம்புகிறது. சுமை தூக்கும் ஆட்களின் தலைவனாகக் கார்த்தி வருகிறார். கடல், காட்டுவாசிகள், பாம்பு, பசி, புதைகுழி என்று தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சாகசக் கதை என்றாலே பார்ப்பவருக்கும் எடுப்பவருக்கும் இடையில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. தடைகளைத் தாண்டினால் புதையல் கிடைக்கும், கெட்டவன் தோற்பான், நல்லவன் வீடு திரும்புவான். ஏறக்குறைய பாதிவரை அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு வந்த படம், புதையல் இருக்க வேண்டிய இடத்தில் பட்டினியால் உருக்குலைந்த மக்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. தஞ்சைக்குத் திரும்பும் காலம் வந்துவிட்டது என்று சொல்ல ஒரு தூதுவன் வருவான் என நூற்றாண்டுக் கணக்கில் காத்திருக்கும் சோழர்கள், அவர்களுக்கு நடுவே பழைய தமிழில் பேசும் பார்த்திபன், அதன்பின் வரும் பேரழிவு. விடுமுறைப் பொழுதைக் கழிக்க வந்தவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்ததில் வியப்பில்லை. முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி ஒன்றும் புரியவில்லை என்பதே அப்போது ஊர் முழுவதும் கேட்ட பேச்சு. நம் பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார். எந்தப் படத்தைப் பற்றியும் அவர் அதைத்தான் சொல்வார் என்பதால், உன் படத்தைப் பற்றி அவர் இப்போது சொன்னதையும் நீ மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் நம் சண்டை வேறு. 1279ஆம் ஆண்டோடு மூன்றாம் இராசேந்திர சோழன் கல்வெட்டுகளிலிருந்து மறைந்துபோகிறான், மாறவர்மன் குலசேகர பாண்டியனின் கை ஓங்கிவிடுகிறது, படம் சொல்வதுபோல் பாண்டியரின் தெய்வச் சிலையோடு சோழ இளவரசன் எவனும் கடல் கடந்து ஒளிந்ததற்குச் சான்று கிடையாது என்று நான் வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். நீ நடுவில் நின்று, “தோற்ற அரசனுக்கு மெய்க்கீர்த்தி ஏதப்பா?” என்று கேட்டாய். படை நடத்தினான், நகரை எரித்தான், தலை கொண்டான் என்று வென்றவன் தன் புகழாகக் கல்லில் வெட்டிவைத்த மெய்க்கீர்த்திகளை வகுப்பில் வாசித்தே பழகிய எனக்கு, கல்லில் ஏறாதவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு உன்னைச் சிறுவயதில் அழைத்துப்போனபோது, மாளிகைமேட்டில் எஞ்சியிருக்கும் செங்கல் அடித்தளத்தைக் காட்டி நான் ஆண்டுகளையும் பெயர்களையும் சொல்ல, நீ இங்கே இருந்தவர்கள் எந்த வழியாக வெளியே ஓடினார்கள் என்று கேட்டதும் நினைவுக்கு வருகிறது. சான்றில்லாததை வரலாறு என்று சொல்லக்கூடாது என்ற என் கொள்கையில் இன்றும் மாற்றமில்லை. என்றாலும் அந்தக் கேள்வியை என் மகள் கேட்டாள் என்பதில் எனக்குள்ள பெருமையை உன்னிடம் ஒருமுறையாவது சொன்னேனா என்று தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

மறுபடி பார்த்தபோது நிழல் காட்சி என்னை உலுக்கிவிட்டது. கால் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் மணல்வெளி. அதன்மேல் நடராசர் வடிவில் நிழல் விழுகிறது. அந்த நிழலுக்குள் ஓடுகிறவர்களே பிழைக்கிறார்கள். பார்ப்பவன் காலடியையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். கூத்தன் ஆடுவது அழிவின் ஆட்டமும்தான் என்று அறிந்த ஒருவருக்கு, அந்த நிழலே வழியாக அமைவது எவ்வளவு துணிந்த கற்பனை என்று புரியும். அதே படத்தில் வரைகலைக் காட்சிகள் பலவற்றில் செய்நேர்த்தி போதவில்லை. இரண்டாம் பாதியில் குருதியும் கொடுமையும் அளவு மீறிப் போகின்றன. பெண்களுக்கு நேரும் கொடுமையை அவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். வைரமுத்து எழுதிய ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டும், பி.பி.ஸ்ரீநிவாஸ் முதிய வயதில் பாம்பே ஜெயஸ்ரீயோடு பாடிய ‘பெம்மானே’யும் சொல்லிவிடும் துயரத்துக்கு மேல் அங்கே எதுவும் தேவைப்படவில்லை. குறை சொன்னவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்று நாம் முடிவு கட்டிவிடக்கூடாது, பூங்கொடி. சிலர் சொன்னது சரி.

இன்னும் சிலர் அதில் ஈழத்தைக் கண்டார்கள். ஈழப்போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின் எட்டு மாதங்கள்கூட நிறைவடையாத நேரம். படப்பிடிப்பு அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டது என்பதால் அந்தப் பொருள் தற்செயலானதே என்று வாதிட்டவர்களும் உண்டு. பட்டினியில் அடைபட்ட மக்கள், எதிரே துப்பாக்கிகள், சிறைபிடிக்கப்படும் பெண்கள், கடைசியில் ஒரு குழந்தை மட்டும் தப்புவது என்று பார்த்துக்கொண்டிருப்பவர், அந்த ஆண்டு தம் நெஞ்சில் சுமந்து வந்ததை எங்கே இறக்கிவைப்பார்? இயக்குநர் எண்ணியதற்கும் பார்ப்பவர் கண்டதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியில்தான் அந்தப் படத்தைப் பற்றிய வாக்குவாதம் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. பொங்கலுக்குச் சிரித்துவிட்டு வந்த படங்களைப் பற்றி யாரும் வழியில் நின்று சண்டை போடுவதில்லை.

2021 டிசம்பர் 31 அன்று அதை மறுபடி அரங்குகளில் வெளியிட்டார்கள். முன்பு திட்டிய ஊரே கொண்டாடியது என்று பலரும் எழுதினார்கள். உனக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று உன் நண்பர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து அதை நம்பிக் காத்திருக்காதே. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும் கைத்தட்டல், பணம் போட்டவரின் கடனை அடைக்காது. செல்வராகவனே காத்திருக்கவில்லை. 2011இல் ‘மயக்கம் என்ன’ படத்தை எடுத்து முடித்துவிட்டார். 2013இல் மறுபடியும் யாரும் எதிர்பாராத ஒரு கற்பனை உலகத்தை ‘இரண்டாம் உலகம்’ என்று எடுத்தார், அதுவும் எடுபடவில்லை. ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்குத் தொடர்ச்சி வரும் என்று 2021இல் அறிவித்து, 2024 என்று ஆண்டையும் போட்டிருந்தார்கள்; அந்த ஆண்டும் போய்விட்டது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதர் வேலையை நிறுத்தவில்லை என்பதை மட்டும் கவனி. உன் தயாரிப்பாளரிடம் நேரில் போய்ப் பேசு. ஒளிந்துகொள்ளாதே. சாப்பிடு, தூங்கு, அவரிடம் போய்ப் பேசு.

உன் படத்தை நான் மூன்றாம் நாள் பார்த்தேன். இதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். அரங்கில் கூட்டம் இல்லை. அது உனக்கே தெரியும். கடலுக்குள் போன ஊரைத் தேடி, கடல் உள்வாங்கிய தரையில் நடக்கும் கூட்டத்தில் வழிகாட்டி திடீரென்று பேச்சை நிறுத்திவிடும் இடத்தில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். படம் முடிந்து வண்டி எடுக்கப் போனபோது இரண்டு இளைஞர்கள் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வசனமே இல்லாமல் போவது சோம்பேறித்தனம், எழுத ஒன்றும் இல்லாததால்தான் அப்படி என்றான் ஒருவன். மற்றவன் ஒத்துக்கொள்ளவில்லை. வழிகாட்டி பேச்சை நிறுத்திய பிறகுதான் மற்றவர்கள் தரையைப் பார்த்து நடக்கிறார்கள், அதுவரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றான். முதலாமவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் இசை எதற்கு, அதையும் நிறுத்தியிருக்க வேண்டியதுதானே என்று கேட்டான். வாயிற்காவலர் வந்து வண்டியை எடுக்கச் சொல்லும்வரை அது ஓயவில்லை. நான் உன் அப்பா என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருவரும் மரியாதைக்காகப் பாராட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அந்த வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

முதலாமவன் கேட்டதில் நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். உன் அம்மா அப்படி நினைக்கவில்லை. இசை இல்லாவிட்டால் அந்த இடத்தில் தனக்கு அச்சமாக இருந்திருக்கும் என்கிறாள். எங்கள் இருவருக்கும் இது இன்னும் தீரவில்லை. அந்த இசையை வைத்தது நீயா, வேறு யாரேனும் வற்புறுத்தியதா, வசனமின்றியும் இசையின்றியும் முதலில் வெட்டி வைத்த வடிவம் உன்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைக்கிறேன். இதற்கு மட்டுமாவது எடுத்துப் பதில் சொல்லம்மா. எழுத விருப்பமென்றால் எழுது, எப்படியானாலும் எனக்குப் பதில் வேண்டும்.

உன் அன்பு அப்பா