ஆண்டறிக்கை 2024/2025: ஆழிப்பேரலை நினைவேடு

தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாசிகசாலை, முன்பள்ளி, மைதான வேலைகள் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் நான் கூடுதலாகச் சொல்ல இருப்பது, 2004.12.26 ஆழிப்பேரலையின் 20ஆம் ஆண்டை ஒட்டி எமது சனசமூக நிலையம் சனத்தின் நினைவுகளைக் கேட்டு எழுதத் தொடங்கிய நினைவேட்டைப் பற்றி.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் மருதங்கேணி, உடுத்துறை, மணற்காட்டுப் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் உதவியைத்தான் சொல்லுவினம். அடுப்பு மூட்டிச் சமைத்து அனுப்பிய ஊர்கள், முன்பின் தெரியாதவர்களின் உடல்களைத் தூக்கி அடக்கம் செய்த பெடியள். கோபம் பிறகுதான் வெளியில் வரும், அதுவும் தனியே இருக்கும்போது. ஆகவே உதவியைக் கூட்டாக இருந்து கேட்டோம். கோபத்தை அவரவர் வீட்டில், ஒருவரோடு மட்டும். எல்லாவற்றையும் கூட்டத்தில் கேட்டால் முதலாமவர் சொன்ன நேரமும் தொகையும் மற்றவர்கள் வாயிலும் அப்படியே வந்துவிடும். "மனம் எப்படி இருந்தது" என்ற கேள்வியைத் தவிர்த்தோம். "அலை வரேக்கை எங்கை நின்றனீங்கள், ஆர் வந்து தூக்கினது" என்று கேட்டால் இடம், ஆள், பொழுது எல்லாம் தானாக வரும்.

கோபத்துக்கும் திகதி வேண்டும். நிலநடுக்கம் அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு. அலை வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அலைக்குப் பிறகு கரையில் வீடு கட்ட அரசு போட்ட தடை தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றராக இருந்தது. ஆழிப்பேரலை உதவியைப் பகிர அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூன் 24இல் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பிரிவுகளை யூலை 15இல் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. இவை இல்லாமல் எழுதினால் எமது சனத்தின் ஆத்திரம் வெறும் புலம்பலாகத்தான் வாசிக்கப்படும்.

உதவி, கோபம் இரண்டு பக்கத்திலும் கிணறு வருகிறது. மணலுக்குள் மழைநீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். அலையால் கிணற்றில் சேர்ந்த உப்பை எடுக்கவென்று இயந்திரம் பூட்டி அடிமட்டம் வரை இறைத்தால் மேலிருக்கும் நன்னீர் போய், கீழிருந்து உவர் ஏறும். திரும்பத் திரும்ப இறைக்க இன்னும் கெடும். குப்பையையும் சேற்றையும் எடுத்து, மெதுவாக ஒருதரம் இறைத்து, மாரி மழைக்கு விட்டிருக்க வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். தண்ணீர் கெட்டதும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை அழிக்க நாம் சம்மதிக்கவில்லை.

படங்கள், நிவாரண அட்டைகள், பத்திரிகைத் துண்டுகள் பற்றி அங்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து லமினேற் செய்யாதீர்கள், பிறகு கழற்றவே முடியாது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கொண்டு வாருங்கள், கண்ணாடிக்கு மேலாலேயே ஸ்கான் செய்யலாம். குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடற்காற்றுக்கு அவை துருவேறித் தாளைத் தின்னும். பின்பக்கம் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், விளிம்பில்.

டிசம்பர் 26 அஞ்சலி காலை 9.25க்குத் தொடங்கி இரண்டு நிமிடம். வாடைக்காற்றில் திறந்த சுட்டி விளக்கு அணையாமல் நிற்காது. கண்ணாடிக் கூடு போட்ட விளக்கே இனி வாங்க வேண்டும்.

நினைவேட்டுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. வாசிகசாலைப் பிரதியில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆட்களின் பெயர் இல்லை. பூட்டிய பிரதியில் உண்டு. அந்தத் திறப்பு யாரிடம் இருப்பது, சொன்னவர் காலமான பின் அவருடைய பக்கத்தைத் திறக்கப் பிள்ளைகளின் சம்மதம் போதுமா என்பவற்றைப் பொதுச்சபை இன்றே தீர்மானிக்க வேண்டும்.

செயலாளர்