எட்டடிக்கு நாலடி கேட்கும் பிராணியை மூன்றடிப் பெட்டிக்குள் வளர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் பாலையூற்றில் முப்பத்தொரு வருடமாகத் தச்சுவேலை செய்கிறவன். கதவு, ஜன்னல், அலுமாரி, கோழிக்கூடு, கிளிக்கூடு என்று கேட்டதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். போன வருடம் செய்த ஒரு கூடு மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி வந்து, "மாமா, ஒரு பல்லி வாங்கியிருக்கிறன், மூன்றடியில ஒரு பெட்டி அடிச்சுத் தாங்கோ" என்று கேட்டான். கைபேசியில் படமும் காட்டினான். பச்சைத் தலை, கறுப்பும் வெள்ளையுமாக உடம்பு, நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பெயர் டெகு, தென் அமெரிக்காவில் ஆர்ஜென்டினா, பிரேசில் பக்கம் வாழும் பிராணி என்றான். விற்றவர் இரண்டடியே போதும் என்றாராம், இவன்தான் பாசத்தில் ஓரடி கூட்டிக் கேட்டிருக்கிறான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், முன்னுக்குக் கம்பிவலை. ஒரே நாளில் அடித்துக் கொடுத்தேன். வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கதவுக்கு அளவெடுக்கும்போதுகூட மழைக்குப் பலகை ஊதும் என்று கணக்குப் பார்க்கிறவன் நான். அன்று கேட்டிருக்க வேண்டும்.

ஏழு மாதம் கழித்து வலை கிழிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். இரண்டரை அடி வளர்ந்திருந்தது. வால் மூலையில் மடிந்து கிடந்தது. கம்பிவலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து நுனித்தோல் உரிந்து சிவந்திருந்தது. அடிப்பலகையில் நகம் கீறிய தடம், உளி வைத்து இழுத்த மாதிரி. நடக்க எழும்பினால் முன்னங்கால் நடுங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்து நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எலும்பு பலமிழந்திருக்கிறது என்றார். இந்தப் பிராணிக்குப் புற ஊதா ஒளி வேண்டும், அது இல்லாவிட்டால் தின்கிற கல்சியம் உடம்பில் ஒட்டாது. ஜன்னல் ஓரம் வெயில் படத்தான் வைத்திருந்தேன் என்றான் தம்பி. கண்ணாடி அந்த ஒளியை மறித்துவிடும் என்று விளங்கப்படுத்தினார் வைத்தியர். பலகையைக் கீறியதும் வருத்தத்தால் இல்லையாம். தன் ஊரில் மண்ணைத் தோண்டி, குளிர்காலம் முழுக்க வளைக்குள் உறங்கும் சாதி அது. நான் கொடுத்த பெட்டியில் ஒரு பிடி மண் இல்லை.

வளர்ந்தால் நாலடி அல்லது அதற்கும் மேல் வரும், பதினைந்து, இருபது வருடம் உயிரோடு இருக்கும் என்றும் சொன்னார். சரி, எவ்வளவு பெரிய கூடு வேண்டும் என்று கேட்டேன். நீளம் எட்டடி, அகலம் நாலடி, உயரம் நாலடி. தச்சனுக்கு இது உடனே விளங்கும்: ஒரு முழு பிளைவூட் சீற், வெட்டாமல் அப்படியே தரையில். தம்பியின் வீட்டில் இரண்டே அறை. பெரிய அறை பத்தடிக்கு ஒன்பதடி. அந்தக் கூட்டை வைத்தால் அம்மாவின் கட்டிலுக்கு இடமில்லை, கதவும் பாதிதான் திறக்கும்.

அதோடு முடியவில்லை. தோண்டுவதற்கு ஓரடி ஆழம் மண் போட்டால் முப்பத்திரண்டு கன அடி. ஈரமண் ஒரு கன அடி நாற்பது கிலோவுக்குக் குறையாது, மொத்தம் ஆயிரத்து இருநூறு கிலோவைத் தாண்டும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆகவே சாதாரணப் பலகை சில மாதத்தில் ஊறி ஊதிவிடும். வெயில் காய ஒரு மூலையில் 150 வாட் பல்பு பத்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 45 யூனிற், மின்பட்டியல் அந்த அம்மாவின் பெயருக்கு வரும். எங்கள் ஊருக்கென்று இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கூட்டின் ஒரு பக்கம் நல்ல சூடாகவும் மறுபக்கம் குளிர்மையாகவும் இருந்தால்தான் அது தன் உடம்பைச் சமப்படுத்தும். கச்சான் என்ற சூடான காற்று அடிக்கும் மாதங்களில் தகரக்கூரைக்குக் கீழே, மத்தியானம் ஒரு மணிக்கு, குளிர்மையான பக்கம் எங்கே கிடைக்கும்?

அந்தத் தாய் பாவம், "சாம்பல்தீவுப் பக்கம் கொண்டுபோய் விடு, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படி விடப்பட்டும் தப்பியும் போன டெகுக்கள் பெருகி, முதலை முட்டை, ஆமை முட்டை என்று தோண்டித் தின்கின்றன. 2021 இல் அந்த மாநிலம் அதைத் தடைசெய்த பிராணிகளோடு சேர்த்துவிட்டது. எங்கள் கரையிலும் கடலாமை முட்டையிடுகிறது. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டை வைக்கும். உடும்பும், நீருடும்பான கபரக்கொய்யாவும் இந்த மண்ணுக்குரியவை, அவற்றின் இரையிலும் இது பங்கு கேட்கும்.

பத்து நாள் யோசித்து, வனசீவராசிகள் அதிகாரிகளிடம் தகவல் சொல்லி ஒப்படைத்தான் தம்பி. கொண்டுபோகும்போது அழுதான். வழக்கு வருமோ என்ற பயமும் அவனுக்கு இருந்தது. வெளிநாட்டு ஊர்வனவற்றை அனுமதியில்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. விற்றவரிடம் அந்தக் கடதாசி இருந்ததா என்று இவன் கேட்கவே இல்லை.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். இப்படியான பிராணிகளைத் தெரியாமல் வாங்கிவிட்டவர்கள், தண்டனைக்குப் பயப்படாமல் கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு தவணை கொடுங்கள். பயம் இருந்தால் இரவோடு இரவாகக் குளக்கரையில் விட்டுவிடுவார்கள். விற்பவர்கள் குட்டியின் படத்தை மட்டும் போடாமல் வளர்ந்த அளவையும் எழுத வேண்டும்.

போன மாதம் இன்னொரு பிள்ளை பெரிய பல்லி வளர்க்கப் பெட்டி கேட்டு வந்தது. பட்டறைத் தரையில் சோக்கால் எட்டடிக்கு நாலடி கோடு போட்டுக் காட்டி, உங்கள் வீட்டில் இந்தக் கோடு எங்கே விழும் என்று முதலில் அளந்துகொண்டு வா என்று அனுப்பினேன். இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
பாலையூற்று, திருகோணமலை.