அத்தைக்கும் பதில் சொல்

அன்புள்ள கண்ணு,

"வழக்குப் போடுவதற்கு முன்னால் எதற்கு ஒரு பஞ்சாயத்து?" என்று போனில் கோபமாகக் கேட்டாய். நீ அனுப்பிய தாள்களை இரண்டு முறை படித்தேன். வேலூரில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டுத் தூக்கியவனுக்கு இங்கிலாந்துச் சட்டம் புரியாமலா போய்விடும்? கொஞ்சம் புரிந்தது.

இங்கே முதலில் மனு, பிறகு நம்பர், வாய்தா. அதற்கப்புறம்தான் நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்புகிறார். முடிந்தவரை சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதற்குள் மனுவிலும் எதிர்மனுவிலும் எழுதக்கூடாததை எல்லாம் எழுதி முடித்திருப்பார்கள். பலவற்றைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அங்கே 2014 முதல் வரிசையை மாற்றிவிட்டார்கள். சமரசரைப் பார்த்துவிட்டு, அவருடைய கையெழுத்தோடு போனால்தான் குழந்தை யாரிடம் இருப்பது என்ற மனுவை வாங்குவார்கள்.

போய்விட்டு வா. நீ தனியாகவே போகலாம், மாப்பிள்ளையின் எதிரில் உட்கார வேண்டியதில்லை. வீடியோவிலும் பேசலாம். உங்கள் விவகாரம் சமரசப் பேச்சுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதுதான் அந்தச் சந்திப்பு. சேர்ந்து வாழச் சொல்வது சமரசரின் வேலையே இல்லை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. வேண்டாம் என்றால் நீ கோர்ட்டுக்குப் போகலாம். பேசிப் பாருங்கள் என்று நீதிபதி பிறகும் சொல்லக்கூடும், அது வேறு.

பஞ்சாயத்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். குடியாத்தத்தில் உன் பெரிய அத்தைக்கு நடந்ததே, அதுதான். திண்ணையில் ஆண்களாக உட்கார்ந்திருந்தோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அனுசரித்துப் போகட்டும்" என்று முதலில் வாய் திறந்தவன் நான். மறுநாள் நானே பஸ் ஏற்றிவிட்டேன், அவள் மாமியாருக்கு ஒரு பை முள்ளுக் கத்தரிக்காயும் கொடுத்து. அத்தையின் முன்பல்லை மாடு முட்டிவிட்டது என்று உனக்குச் சின்ன வயதில் சொன்னோம். நம் வீட்டில் எந்தக் காலத்தில் மாடு இருந்தது?

அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை உன்மேல் கை நீட்டியிருந்தால் அந்தச் சந்திப்புக்கே நீ போக வேண்டாம். போலீஸ் பதிவு, டாக்டர் கடிதம் போன்ற சான்று இருந்தால் விதிவிலக்கு உண்டு. எங்களிடம் மறைத்தாலும் உன் வக்கீலிடம் மறைக்காதே.

செலவைப் பற்றி யோசிக்காதே, சொல். தபால் அலுவலகத்தில் போட்டிருக்கும் பணம் முதிர்ந்துவிட்டது.

நேற்று அத்தை வந்திருந்தாள். உன் தாள்களில் இருந்ததை அவளுக்குத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனியாகவா கூப்பிட்டுக் கேட்பார்கள்? கதவைச் சாத்திக்கொண்டா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ போய்வந்ததும் அவளுக்குப் போன் செய்து சொல்.

உன்
அப்பா