சனிக்கிழமை வந்தவர்களுக்கும் வரவழைத்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

காது கேளாதவர்களும் கேட்பவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரு பேசாப் படம் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. போன சனிக்கிழமை நடந்துவிட்டது. (ஊமைப்படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது, காரணம் உங்களுக்குப் புரியும்.)

பேசாப் பட நடிகர் லான் சானியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பலர் கேட்டீர்கள். என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. சானியின் அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான். 1883ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிறந்தவர், முடிதிருத்துபவரின் மகன். அம்மா வாத நோயில் படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். வெளியே பார்த்ததையெல்லாம் கையாலும் முகத்தாலும் அம்மாவுக்கு நடித்துக் காட்டுவாராம். அப்புறம் நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றினார். மேடையை விட்டு சினிமாவுக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு குடும்பத் துயரம் உண்டு, அது இங்கே வேண்டாம். ஆனால் அவர் நடிப்புப் படித்த இடம் அந்தப் படுக்கையறைதான் என்பது என் கட்சி.

1925ல் வந்த 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா'வைத்தான் போட்டோம். காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் அதன் எழுத்து அட்டைகளைத் தமிழாக்கியது என் அக்கா மகள். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பெரியவர்கள் படித்து முடிக்க நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் பாதியாக வெட்டினாள், திட்டிக்கொண்டே. நன்றி கண்ணு.

படத்துக்கு முன்னால் முக ஒப்பனை செய்து காட்டிய நாடகக்கார அண்ணனுக்கு ஒரு கும்பிடு. சானி தன் ஒப்பனையைத் தானே போட்டுக்கொண்டவர். பஞ்சையும் கொலோடியன் பசையையும் வைத்து அந்தக் கன்ன எலும்புகளை எழுப்பினார். அண்ணன் பஞ்சை ஒட்டும்போது முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்கள். சானியின் ஒப்பனைப் பெட்டி இன்றும் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றதும் அண்ணன் தன் தகரப் பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கூடம் கொடுத்தவர்கள், புரொஜெக்டர் தம்பி, கீபோர்டு வாசித்த சார், டீயும் சுண்டலும் போட்ட அக்காக்கள் எல்லோருக்கும் நன்றி.

சரி, கரண்ட் போனதைச் சொல்ல வேண்டும். படத்தில் சானியின் முகமூடி கழலப் போகிற நேரம் பார்த்துப் போனது. கேட்பவர்கள் இருட்டிலும் பேசிக்கொண்டிருந்தோம். சைகையில் பேசுபவர்களுக்கு இருட்டு என்றால் பேச்சே நின்றுபோகும். அது எனக்கே உறைக்கவில்லை, அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு! யாரோ ஒருவர் போன் டார்ச்சை அடித்து மொழிபெயர்ப்பாளரின் கைகள்மேல் காட்டினீர்கள். அப்புறம் ஒவ்வொன்றாக நாற்பது, ஐம்பது வெளிச்சம். முதல் டார்ச் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் பாதி உங்களுக்குத்தான்.

சானி ஒரே ஒரு பேசும்படத்தில் நடித்தார், ஐந்து குரல்களில். அந்தப் படம் வந்த அதே 1930ல், 47 வயதில் போய்விட்டார். குரல் போன கடைசி நாட்களில் மறுபடி கைகளால்தான் பேசினார் என்கிறார்கள்.

என் அம்மாவின் விமர்சனம்: சானி பரவாயில்லை, அந்தக் கதாநாயகிதான் கையை ரொம்ப ஆட்டுகிறாள்.

பின்வரிசையில் ஒரு நீலக் குடையும் ஒரு டிபன் பாக்ஸும் விட்டுப்போயிருக்கின்றன. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.